வன்னி மரத்துக் கழுகு

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை என்பதை எங்கள் வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். ராஜஸ்தானில் பணியாற்றிய நான்கு குளிர்காலங்களில் அவ்விடுமுறைகளை நாங்கள் எவ்வாறு கழித்தோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. சக அலுவலர்கள் நால்வர் சேர்ந்து, வெள்ளிக்கிழமை மாலை அன்றைய கணக்கை முடித்த கையோடு ஜெய்ப்பூரிலிருந்து ஒரு வாடகைக் காரில் புறப்படுவோம். நள்ளிரவுக்குள் தார்ப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சென்றடைவோம். கழுகு, பருந்து, வல்லூறு, பாறு முதலிய இரைகொல்லிப் பறவைகளை அவற்றின் இருப்பிடத்திலேயே படம்பிடிப்பது எங்கள் நோக்கம். அதில் கற்றவை சில. இழைத்த பிழை ஒன்று. இரண்டையும் மறைக்காமல் கூற விரும்புகிறோம்.

எங்கே, எப்போது?

இப்பறவைகளைக் காண அடர்ந்த காடு தேவை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், மரம் குறைந்த புல்வெளியும், தரிசும், மானாவாரி வயலுமே இவற்றுக்கு ஏற்ற வேட்டைக்களம். சூரு மாவட்டத்திலுள்ள தால் சாப்பர் சரணாலயம் அத்தகையது. ஜெய்ப்பூரிலிருந்து ஏறத்தாழ 210 கி.மீ. தொலைவு. பரப்போ ஏழு சதுர கி.மீ.க்குச் சற்றே அதிகம். அச்சிறு புல்வெளியில் ஆயிரக்கணக்கான வெளிமான்கள் மேய்கின்றன. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து தங்குகின்றன. மான்டேகு பூனைப்பருந்தும் வெளிர் பூனைப்பருந்தும் பகல் முழுவதும் வயல்களின் மீது தாழப் பறந்து வெட்டுக்கிளிகளையும் எலிகளையும் பிடிக்கும். மாலையில் மரத்தில் அமராமல், உயர்ந்த புல்லின் நடுவே தரையிலேயே கூட்டமாக அடையும். குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் இக்காட்சியை இன்னும் பெரிய அளவில் காணலாம். உலகிலேயே பூனைப்பருந்துகள் பெருந்திரளாக அடையும் இடங்களுள் அது ஒன்று.

சரணாலயத்துக்கு வெளியே உள்ள மணற்பாங்கான நிலங்களில் முள்வால் பல்லிகள் வளை தோண்டி வாழ்கின்றன. உள்ளூர் மக்கள் அவற்றைச் 'சாண்டா' என்பர். வெயில் ஏறியதும் வளையைவிட்டு வெளிவரும் இப்பல்லிகளுக்காகவே பழுப்புக் கழுகும், லக்கர் வல்லூறும், பாம்புக் கழுகும் அங்கே காத்திருக்கின்றன. ஆகையால், பறவையைத் தேடுமுன் அதன் இரையைத் தேடுவது நன்று என்பது நாங்கள் கற்ற முதற்பாடம்.

நேரம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கழுகும் பாறும் எடை மிகுந்தவை. சிறகடித்தே நெடுந்தொலைவு பறப்பது அவற்றுக்குப் பெருஞ்செலவு. நிலம் சூடேறி வெப்பக் காற்று மேலெழுந்த பின்னரே அக்காற்றின் மீது சாய்ந்து வட்டமிட்டு உயரும். எனவே, குளிர்காலத்தில் பொழுது விடிந்தது முதல் ஏறத்தாழ ஒன்பதரை மணி வரை அவை மரத்திலோ, வரப்பிலோ, மணல்மேட்டிலோ அமர்ந்தே இருக்கும். சாய்ந்த இளவெயிலும் அந்நேரத்தில்தான் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் நிலத்திலிருந்து எழும் கானல் படத்தின் தெளிவைக் கெடுத்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதை வெல்ல இயலாது.

கருவியும் செலவும்

வங்கி அலுவலர்கள் எழுதும் கட்டுரையில் செலவுக் கணக்கு இல்லாவிடில் வாசகர் ஏமாற்றமடைவர். எங்களுள் மூவர் 150–600 மி.மீ. ஜூம் லென்ஸைப் பயன்படுத்தினோம். அவற்றுள் இரண்டு, பிறர் பயன்படுத்தி விற்றவை. நால்வரும் மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பில் பணம் செலுத்தி, அது முதிர்ந்த பின்னரே வாங்கினோம். பொழுதுபோக்குக்கான பொருளைக் கடன் அட்டையில் வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திக்கொண்டு வருவோரின் நிலையை நாள்தோறும் பார்க்கும் எங்களுக்கு அவ்வழியில் செல்ல மனம் வரவில்லை. கருவிகளுக்குக் காப்பீடு எடுத்துக்கொண்டோம். பாலைவனத்து மணல் லென்ஸின் வளையத்துக்குள் புகுந்தபோது அதன் அருமை புரிந்தது.

முக்காலியைவிட எங்களுக்கு உதவியது துணிப்பை ஒன்றே. வெறும் பையாகக் கொண்டுசென்று, சாப்பர் கடைத்தெருவில் இரண்டு கிலோ 'மோட்' பயறு வாங்கி அதில் நிரப்பிக்கொள்வோம். புகழ்பெற்ற பிகானேர் புஜியாவுக்கு மாவாவது இப்பயறுதான். காரின் சன்னற்கதவின் மீது பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் சிறிதும் அசையாது. திரும்பும்போது பயற்றைத் தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவோம். மூன்றாம் பயணத்திலிருந்து எங்கள் தேநீருக்கு அவர் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்.

கார் ஒரு சிறந்த மறைவிடம். மனிதன் நடந்து வந்தால் நூறு மீட்டரிலேயே பறந்துவிடும் கழுகு, மெதுவாக ஊர்ந்து வந்து நிற்கும் காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அதன் அதிர்வு படத்தைக் குலைக்கும். கதவைத் திறக்கலாகாது. அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியேனும் வேண்டும். ஒளி மிகுந்த வானத்தின் பின்னணியில் பறவை கரிய நிழலாகிவிடாமல் இருக்க ஒளியளவை ஒரு படி கூட்ட வேண்டும். வெண்சிறகுப் பறவை வெயிலில் நின்றால், அதற்கு மாறாகச் சற்றுக் குறைக்க வேண்டும்.

எனினும், இவ்வெண்களை விடப் பயன்தருவது பறவையைப் படிக்கும் பழக்கம். புறப்படுமுன் கழுகு எச்சமிட்டு உடற்பாரத்தைக் குறைக்கும். உடலை முன்னே சாய்த்து, சிறகுகளை லேசாக உயர்த்தும். எப்போதும் காற்றை எதிர்த்தே எழும். ஆகவே, காற்று எங்கள் முதுகுப்புறத்திலிருந்து வீசுமாறு காரை நிறுத்தினால் அது எங்களை நோக்கியே எழும். கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும்போது, உடல் முழுதும் ஆடினாலும் தலை மட்டும் ஆணியடித்தாற்போல் நிற்கும். எனவே குவியத்தை அதன் கண்ணில் வைத்தால் போதும்.

ஜோர்பீரில் கண்டவை

சாப்பரிலிருந்து மேற்கே பயணம் செய்தால் பிகானேர். அந்நகரின் புறத்தே, ஒட்டக ஆராய்ச்சி மையத்துக்கு அருகில் ஜோர்பீர் என்னும் இடம் உள்ளது. இறந்த கால்நடைகளை அங்கே கொண்டுவந்து போடுகின்றனர். நாற்றம் பொறுக்கவொண்ணாதது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். சற்று நேரத்தில் எங்களைச் சூழ்ந்திருந்த மரங்கள் யாவும் பறவைகளே என்று உணர்ந்தோம். ரஷ்யா, கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்து வந்த ஸ்டெப்பி கழுகுகள், இமயமலைப் பாறுகள், யூரேசியப் பாறுகள், கரும்பாறுகள், அவற்றிடையே நூற்றுக்கணக்கில் மஞ்சள்முகப் பாறுகள்.

இறுதியில் கூறிய பறவையைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் பண்டாரத்தின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் உண்ட 'கழுகுகள்' இவையே. அங்கு அவை வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. எங்களுள் ஒருவர் சிறுவயதில் தந்தையின் தோளில் அமர்ந்து அக்குன்றில் காத்திருந்தவர். அன்று ஜோர்பீரில் அவர் நெடுநேரம் கேமராவைத் தொடவேயில்லை.

பாறுகள் ஏன் மறைந்தன என்பது இன்று தெளிவாகத் தெரியும். கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மலிவான மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதை உண்ணும் பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2004-இல் அறிவியலாளர் இதை மெய்ப்பித்தனர். 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்திய அரசு இம்மருந்தைத் தடைசெய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளுள் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது. அதே கேட்டை விளைவிக்கும் அசிகுளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் ஆகியவற்றின் கால்நடைப் பயன்பாடு 2023-இல் தடைசெய்யப்பட்டது.

இவ்விழப்பின் விலை என்ன என்று கேட்பது எங்கள் தொழிற்பழக்கம். பாறுகள் இல்லாத இடங்களில் பிணங்கள் அழுகின, நாய்கள் பெருகின, நீர்நிலைகள் மாசடைந்தன. 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, பாறுகளின் அழிவால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டதாகக் கணக்கிட்டுள்ளது. ஊதியம் பெறாது ஊரைத் துப்புரவு செய்த ஒரு பறவையின் மதிப்பு, அது போன பின்னர்தான் ஏட்டில் ஏறியது.

நாங்கள் இழைத்த பிழை

இனி, சொல்லத் தயங்கும் செய்தி. முதற்குளிர்காலத்து ஜனவரியில், சாப்பருக்கு வெளியே ஒரு வயலில், வன்னி மரத்தின் உச்சியில் பழுப்புக் கழுகின் கூடு ஒன்றைக் கண்டோம். நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னிதான் அங்கே 'கேஜ்ரி' என்று வழங்குகிறது. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. கூட்டிலிருந்து முப்பது மீட்டரில் காரை நிறுத்தினோம். கழுகு எழுந்து எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுக் குரலெழுப்பியது. நாங்கள் மகிழ்ந்தோம். பறக்கும் நிலையில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அரைமணி நேரம் அங்கேயே இருந்தோம்.

வயலுக்குரிய முதியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். கோபமின்றியே பேசினார்: “சாஹிப், நீங்கள் வந்தால் அது பறக்கிறது. அது பறந்தால் காகம் வருகிறது. இந்தக் குளிரில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?”

உடனே அகன்றோம். எனினும், அதற்கு முன்பே பெரும்பிழை ஒன்றைச் செய்துவிட்டிருந்தோம். படத்தையும் இடத்தின் குறிப்பையும் கைப்பேசி வழியே நண்பர் குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். அடுத்த வாரமே அவ்வயலின் வரப்பில் பல கார்கள் நின்றன என்று பின்னர் அறிந்தோம். பிப்ரவரியில் சென்றபோது கூடு வெறுமையாக இருந்தது. முதியவர் எங்களைக் குறைகூறவில்லை. தேநீர் கொடுத்தார். அதுவே எங்களுக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னர் எடுத்துப் படித்தோம். வேட்டை என்னும் சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி ஏந்தியவனையே வேட்டைக்காரன் என்று எண்ணியிருந்தோம். லென்ஸ் ஏந்திய நாங்களும் அவ்வரையறைக்கு வெகு அருகில் நின்றிருக்கிறோம்.

அதன்பின் எங்களுக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டோம். கூட்டைப் படமெடுக்க நெருங்குவதில்லை. பறவை எங்களால் எழுந்தால் அக்கணமே பின்வாங்குவது. பறவை தலையைத் திருப்பி எங்களையே உற்று நோக்கத் தொடங்கினால், அதுவே எல்லை. பறக்க வைப்பதற்காகக் கல்லெறிதல், கைதட்டுதல், விரட்டிச் செல்லுதல் கூடாது. இரை வைத்து அழைப்பதும் கூடாது. வளையிலிருந்து சாண்டாவைப் பிடித்துக் கட்டிவைப்பதாக ஒரு வழிகாட்டி முன்வந்தபோது மறுத்துவிட்டு, அன்று வெறுங்கையுடன் திரும்பினோம். கூடும் அடையுமிடமும் எங்கே என்பதை எவருக்கும் சொல்வதில்லை. வாடிக்கையாளரின் கணக்கு இருப்பை எவர் கேட்டாலும் நாங்கள் சொல்வதில்லை அன்றோ? அதே ஒழுங்கு இங்கும் வேண்டும்.

படம் காப்பாற்றிய பறவைகள்

படமெடுப்பதையே விட்டுவிடலாமா என்றும் எங்களுள் ஒரு பேச்சு எழுந்தது. அப்போது எங்களைத் தடுத்தது நாகாலாந்தின் நிகழ்வு. சைபீரியா, வடசீனப் பகுதிகளிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை செல்லும் அமூர் வல்லூறு, நூற்றைம்பது கிராம் அளவே எடையுள்ள சிறு பறவை. இந்தியாவைக் கடந்து, அரபிக்கடல் மேல் இறங்காமலே பறப்பது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் வோக்கா மாவட்டத்து டோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் வந்து தங்கும். 2012-இல் அங்கே நாளொன்றுக்குப் பல்லாயிரம் வல்லூறுகள் வலைகளில் சிக்கிக் கொல்லப்படுவதை ஆர்வலர்கள் படங்களாகவும் காணொளியாகவும் பதிவுசெய்து வெளியிட்டனர். நாடு அதிர்ந்தது. பாங்தி உள்ளிட்ட ஊர்களின் பெரியவர்களும், திருச்சபையினரும், வனத்துறையினரும் ஒன்றுகூடினர். அடுத்த ஆண்டே அவ்வேட்டை நின்றது. 2013 நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட மூன்று வல்லூறுகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்றே பெயரிட்டனர். வலைவிரித்த ஊர், காவலிருக்கும் ஊராயிற்று.

ஒரு படம் கூட்டைக் கலைக்கவும் கூடும். ஒரு வம்சத்தைக் காக்கவும் கூடும். எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது. 942 பறவையினங்களை ஆராய்ந்த 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை, இரைகொல்லிகளும் திறந்தவெளிப் பறவைகளும் வேகமாகக் குறைந்துவருவதை எடுத்துக்காட்டுகிறது. அதற்குச் சான்றுகள் திரண்டது, எங்களைப் போன்ற விடுமுறைப் பார்வையாளர்கள் ஈபேர்ட் தளத்தில் பதிந்த குறிப்புகளிலிருந்தே. அன்று முதல், படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கண்ட பறவைகளின் பட்டியலைத் தவறாமல் பதிவுசெய்து வருகிறோம்.

மீண்டும் அம்மரம்

இரண்டாம் குளிர்காலத்தில் கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டு முதியவரைக் காணச் சென்றோம். கழுகுகள் அவ்வாண்டு அங்கே கூடு கட்டவில்லை. நவம்பர், டிசம்பரில் அப்பகுதி உழவர்கள் வன்னியின் கிளைகளைக் கழித்து, இலைகளை உலர்த்தி, 'லூங்' என்னும் தீவனமாகச் சேமிப்பர். கோடையில் ஆடுகளைக் காப்பது அதுவே. கூடு கட்டுவதற்கேற்ற அடர்த்தி அதனால் மரத்துக்கு இல்லாமற்போகிறது. அதைத் தவிர்க்க வழியுண்டா என்று தயங்கியே கேட்டோம். ஈடாக ஏதேனும் பணம் தரவும் முன்வந்தோம். அவர் கைகூப்பி மறுத்தார்.

“ஒரு மரத்து லூங் இல்லாமல் என் ஆடுகள் சாகமாட்டா, சாஹிப். அந்தக் கழுகு என் வயலில் எலி பிடிக்கிறது. அதற்கு நான் கூலி கொடுத்ததில்லையே.”

மூன்றாம் குளிர்காலத்தில் அம்மரம் மட்டும் கிளை கழிக்கப்படாமல் நின்றது. கழுகுகள் திரும்பி வந்திருந்தன. நாங்கள் இருநூறு மீட்டருக்கும் அப்பால், முதியவரின் ஆட்டுக்கொட்டிலின் நிழலில் அமர்ந்தோம். மார்ச் மாதத்தில் கூட்டின் விளிம்பில் ஒரு குஞ்சின் தலை தெரிந்தது. எடுத்த படத்தில் கழுகு கட்டைவிரல் நகத்தளவே இருக்கிறது. மீதியெல்லாம் வயலும், வன்னியும், ஆடுகளும், கோலூன்றி நிற்கும் அம்முதியவரும். முதலாண்டில் எடுத்த இருநூறு படங்களையும் நாங்கள் அழித்துவிட்டோம். இது ஒன்றே எஞ்சியது.

அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டு, இடமாறுதலுக்கு முன் கடைசிக் குளிர்காலத்தில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இதில் கழுகு மிகச் சிறிதாக இருக்கிறதே, சாஹிப்” என்றார். “ஆம், பாபா. அவ்வளவு தொலைவில்தான் நின்றோம்” என்றோம். சிரித்துக்கொண்டே அதை வீட்டின் உள்சுவரில் மாட்டினார்.

வைப்புத்தொகையின் வட்டியை எடுத்துச் செலவிடலாம், முதலில் கைவைத்தால் நாளை ஒன்றுமிராது என்று வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. பறவை முதல், படம் வட்டி. வரும் குளிர்காலத்தில் உங்கள் ஊர்ப்புறத்து வயல்வெளியில் ஒரு பருந்து அமர்ந்திருக்கக் கண்டால், காரை நிறுத்துங்கள்; எஞ்சினை அணையுங்கள்; கதவைத் திறவாதீர்கள். அது உங்களைப் பொருட்படுத்தாமல் தன் இறகைக் கோதத் தொடங்குமாயின், நீங்கள் நிற்குமிடம் சரியானது.